படம் வேண்டாம்

"ஐ.சி. எங்க, ஐ.சி. எங்க?" என்று நஸீப் மூன்றாம் தடவையும் கத்தினான். கிராம சேவகரிடம் காட்டி மரணத்தைப் பதிய வாப்பாவின் அடையாள அட்டை வேண்டும். நேரம் பத்தரை தாண்டிவிட்டது. உள்ளறையில் வாப்பாவைக் குளிப்பாட்டி முடித்துக் கபன் துணியை விரித்துக்கொண்டிருந்தார்கள். கற்பூர வாசம் குசினி வரைக்கும் வந்துவிட்டது.

அட்டை எங்கே கிடக்கிறது என்று தங்கச்சி நுஹாவுக்குத் தெரியும். அவள்தானே எடுத்தாள். வாப்பா முனாப் படம் பிடிக்க விடாத மனுஷன். கல்யாண வீட்டில் கெமராவைக் கண்டால் போதும், பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அதனால் தன் வேலைக்கான மென்பொருளுக்கு அவர் முகத்தைக் காட்ட வேண்டி வந்தபோது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது. வேலை முடிந்ததும் அட்டையை அவர் எழுதுகிற தடித்த சீ.ஆர். கொப்பிக்குள்ளேயே செருகிவிட்டாள்.

கொப்பி தலையணைக்குக் கீழே இருந்தது. உதறியதும் அட்டை விழுந்தது. நஸீப் அதைப் பறித்துக்கொண்டு ஓடினான். கொப்பியை மூடப் போனவள், அட்டை இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அது வெறும் பக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். அதில் இடது கையால் எழுதிய, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் பத்து இலக்கங்கள் இருந்தன. அவற்றின் கீழே ஒரே ஒரு சொல்: கலகெதர.

நுஹா கட்டிலின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏன் உட்கார்ந்தாள் என்று விளங்க வேண்டுமானால் அந்த மென்பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதையை எழுதிக் கொடுத்தால் அது காட்சி காட்சியாகப் பிரித்து, ஆட்களை வரைந்து, நடக்கவிட்டு, பேசவும் வைத்துவிடும். கொழும்பில் ஒரு கம்பனி சிறுபிள்ளைகளுக்கான கதைகளை இப்படிப் படமாக்கி விற்கிறது. நுஹா திகனயில் தன் அறையில் இருந்தபடியே அந்தக் கம்பனிக்கு வேலை பார்த்தாள். கதையைத் தட்டிப் போடுவதும், வந்த படத்தில் உள்ள கோளாறுகளைத் திருத்துவதும்தான் அவள் வேலை.

முனாப் இருபத்தாறு வருஷம் திகனயிலிருந்து கண்டிக்குப் பாடசாலை வேன் ஓட்டியவர். வாய் ஓயாது. வேனில் ஏறுகிற பிள்ளைகள் இறங்க மனமில்லாமல் கதை கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒன்பது மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நாட்டம்தான், ஆனாலும் அந்த வாயைப் போய் எடுத்திருக்க வேண்டுமா என்று நுஹாவுக்கு ஆறவே இல்லை.

மகளின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி இருப்பார். ஒரு நாள் சைகையால் கொப்பி கேட்டார். இடது கையில் பேனையைப் பிடித்து, ஒரு காலைநேரம் முழுக்கச் செலவழித்து நான்கு வரி எழுதினார். சாப்பாட்டுப் பெட்டியை வேனில் விட்டுவிட்டு இறங்கிய பிள்ளையின் கதை. நுஹா அதைப் படமாக்கிக் காட்டினாள். அந்தக் கணினிப் பொட்டிக்குத் திகன எங்கே தெரியப் போகிறது? வெள்ளை வேனுக்குப் பதில் மஞ்சள் பஸ் ஒன்று வந்தது. பின்னால் ஹுன்னஸ்கிரிய மலை இருக்க வேண்டிய இடத்தில் பனி கொட்டிக் கிடந்தது. முனாப் பாதி வாயால் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கொப்பியை இழுத்து எழுதினார்: "பனி வேண்டாம்."

அன்றிலிருந்து அது அவர்கள் இருவரின் விளையாட்டாகிவிட்டது. அவர் கதை எழுதுவார், இவள் படமாக்குவாள், அவர் பிழை பிடிப்பார். "மஞ்சள் வேண்டாம்." "தாடி வேண்டாம்." சாரத்தைப் பாவாடை மாதிரி வரைந்திருந்தபோது, "இது வேண்டவே வேண்டாம்." ஆறு கதைகள் இப்படிப் போயின. ஏழாவது கதையை எழுத அவருக்கு நாலு நாள் பிடித்தது.

"ஒரு ஊரில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். தம்பிக்குச் சுகமில்லை. ஒரு நாள் நானா வந்து கதவைத் தட்டினார். தம்பி கதவைத் திறந்தார். சாப்பிட்டியா என்று நானா கேட்டார். அவ்வளவுதான்."

இரண்டு சகோதரர்கள் என்று பச்சையாக எழுதியிருக்கிறாரே, இவளுக்கு விளங்கவில்லையா என்று கேட்பீர்கள். விளங்கவில்லைதான். கலகெதரயில் முனாப்புக்கு மூத்த நானா தாஸிம் இருக்கிறார். பதினொரு வருஷத்துக்கு முன் அவர்களின் உம்மா மௌத்தானபோது முனாப் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போயிருந்தார். ஜனாஸாவைச் சுணக்கக் கூடாது என்று தாஸிம் பின்நேரம் அஸருக்கே அடக்கிவிட்டார். பொழுதுபட்டு மஃரிபுக்கு ஓடிவந்த தம்பி, ஈர மண்ணுக்குப் பக்கத்தில் நின்று, "உம்மாட மொகம் எப்பிடி ஈந்திச்சி நானா?" என்று கேட்டார். "நேரத்துக்கு வந்தீந்தா பாத்தீப்பாய் தானே," என்றார் தாஸிம், அத்தனை பேருக்கு முன்னால். இனி அந்த மனுஷனின் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுத் திரும்பினார் முனாப். அதற்குப் பிறகு இந்த வீட்டில் கலகெதர என்ற பேச்சே எடுபடாது. நுஹாவுக்கு அப்போது பதினாலு வயது. பெரியவாப்பா என்று ஒருவர் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஆகவே அவள் கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை வாப்பாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தம்பிக்கு அவருடைய முகத்தையே வைத்தாள். நானாவுக்குக் காட்டப் படம் இல்லை. சகோதரர்கள் என்று கண்டதும் மென்பொருள் அதே முகத்துக்குக் கொஞ்சம் நரையைப் பூசி நானாவாக்கிவிட்டது. வெளியே மழை, ஒரு நீலக் கதவு. அழகாகத்தான் வந்திருந்தது.

முனாப் பார்த்தார். தலையை இல்லை என்று ஆட்டினார்.

"என்ன வாப்பா, கதவு சரியில்லையா?"

மறுபடியும் ஆட்டினார். அவள் கதவின் நிறத்தை மாற்றினாள். சட்டையை மாற்றினாள். மழையை நிறுத்தினாள். நாலு தடவை செய்து காட்டினாள். நாலு தடவையும் அவர் தலையை ஆட்டினார், பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். படம் மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்தாள் இந்தப் புத்திசாலி. கடைசியில் அவர் கொப்பியை எடுத்து எழுதினார்: "படம் வேண்டாம்."

பனி வேண்டாம், தாடி வேண்டாம், படம் வேண்டாம். வாப்பாவுக்குக் களைப்பு என்று சொல்லிவிட்டு அவள் கணினியை மூடினாள். அது போன வெள்ளிக்கிழமை. அடுத்த பக்கத்தில் அவர் இந்த இலக்கங்களை எழுதியிருக்கிறார். அவளிடம் நீட்டினாரா, நீட்டி இவள் பார்க்கவில்லையா, அதுகூட ஞாபகமில்லை. கம்பனி வேலை தலைக்கு மேல் இருந்த கிழமை அது.

இன்று விடியற்காலை, சுபஹுக்கு முனாப் போய்விட்டார்.

நுஹா எழுந்து பின்வாசலுக்குப் போய் அந்த இலக்கங்களை அழுத்தினாள். மூன்று தடவை மணியடித்ததும் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான் திகனயிலேந்து… முனாப்ட மகள், நுஹா."

"எப்ப?" என்றார் தாஸிம். அவருக்கு வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

"சுபஹுக்கு."

"தம்பி என்னயக் கேட்டானா?"

"கேட்டாங்க பெரியவாப்பா."

"எப்ப மகள் கேட்டான்?"

"போன கிழம."

"அப்ப ஏன் மகள் எனக்குச் செல்லல்ல?"

நுஹா கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். என்ன சொல்வது? கதவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன் என்றா? அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நான் வாரேன். ஜனாஸாவ எடுத்துட வாணாம்னு செல்லு. நான் வாரேன்," என்று வைத்துவிட்டார்.

உம்மா ரபீகா வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பாயில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் கல்லாகிவிட்டது.

"வந்தா வரட்டும். அவருக்காக ஜனாஸாவ வச்சிட்டு ஈக்க ஏலா. உங்கட வாப்பும்மாக்கு அவர் வச்சிட்டு ஈந்தாரா?"

"வாப்பா கேட்டீக்காங்க உம்மா." நுஹா கொப்பியை விரித்து மடியில் வைத்தாள். ரபீகா கதையை வாசித்தாள். பக்கத்தைப் புரட்டி அந்த இலக்கங்களையும் பார்த்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு விளக்கம் தேவையில்லை. விரலால் அந்த இலக்கங்களை ஒருமுறை தடவிவிட்டு, "நஸீப் நானாட்டப் போய்ச் செல்லு," என்றாள்.

நஸீப் கெட்டவன் இல்லை. ஆனால் காலையிலிருந்து எல்லாப் பாரமும் அவன் தலையில். "பள்ளியில அறிவிச்சாச்சு நுஹா. ஜும்ஆ முடிஞ்ச கையோட தொழுவிப்பாங்க. ஆயிரம் பேர் நிண்டு தொழுவுறது வாப்பாக்குக் கெடக்கிற, அத நான் பின்னுக்குப் போட ஏலுமா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ஒண்டு செய்யலாம். தொழுவிச்சப் பொறகு மையவாடிக்கி அடக்க எடுக்க முந்தி, அவர் மொகம் பாக்க ஒரு பத்து நிமிசம் கேட்டுப் பாக்கிறேன். ஆனா அவர் கிட்ட வந்துட்டாருண்டு எனக்குத் தெரியோணும். நீ அவரோட பேசிப் பேசி, எங்க வந்தீக்காருண்டு எனக்கு ஃபோன் பண்ணு. சரியா?"

சரி என்றாள். அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று நடமாடினாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பெண்களைக் கூப்பிட்டு முகம் பார்க்கச் சொன்னார்கள். நுஹா குனிந்து பார்த்தாள். ஒன்பது மாதமாக ஒரு பக்கம் இழுத்துக் கிடந்த வாய் நேராகியிருந்தது. பேசத் தொடங்கப் போகிறவர் மாதிரி இருந்தார். முத்தமிட்டாள். நெற்றி குளிர்ந்து, கற்பூரம் மணத்தது. பிறகு ஆண்கள் வந்து வாப்பா கிடந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டு, பிறகு கேட்காமல் போனது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அதற்கப்பால் போகிற வழக்கம் இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தாஸிம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்றார். "ஆட்டோ அசையுதில்ல மகள்," என்றார். பன்னிரண்டரைக்குப் பல்லேகலவை நெருங்கிவிட்டார். அங்கே அன்று பார்த்துக் கிரிக்கெட் மேட்ச். ரோட்டின் ஒரு பக்கத்தை மூடிவிட்டார்கள். கொடி பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவர்களின் சத்தம் தொலைபேசிக்குள் கேட்டது. "எறங்கி நடக்கட்டா?" என்று கேட்டார் அந்த எழுபது வயது மனுஷன். வாணாம், வாணாம், ஆட்டோவிலேயே இருங்கோ என்று அவள் கெஞ்சினாள்.

உடனே நஸீப்புக்கு எடுத்தாள். தொடர்பு இல்லை. மறுபடி எடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. பள்ளிக்குள் நுழையும்போதே எல்லோரும் தொலைபேசியை அணைத்துவிடுவார்கள். எங்கே வந்திருக்கிறார் என்று ஃபோன் பண்ணு என்று சொன்னவனும் அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பான். தினமும் செய்கிற காரியம், கை தானாகச் செய்திருக்கும். தெருவில் ஓர் ஆண் இல்லை. கடைகள் எல்லாம் பலகை போட்டுக் கிடந்தன.

நுஹா கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பும் சோடி மாறியபடி ஓடினாள். "எங்க போற?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். தூறலில் பள்ளி வாசல் நனைந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், ஐம்பது அடி தள்ளி, முன் வரிசையில் நானா இருக்கிறான். அவனுக்கு முன்னால் வாப்பா. கேட்டைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய், குத்பா நடக்கும்போது அவனைக் கூப்பிட அவளால் முடியுமா? கால் வரவில்லை. அந்தக் காலை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திட்டியிருப்பாள்.

தையல் கடை மாமா பிந்தி வந்து தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தார். நுஹா கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினாள். "நானா, பெரியவாப்பா பல்லேகலக்கு வந்துட்டார். பத்து நிமிஷம் பொறுங்க. நுஹா."

"மாமா, இத நஸீப் நானாக்கிட்டக் குடுங்கோ. அவசரம். தொழுவ முந்தியே குடுங்கோ."

"குடுக்கிறேன் மகள்." அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். குத்பா முடிந்தது. தொழுகை முடிந்தது. ஜனாஸாத் தொழுகைக்கு எழுந்து நிற்கும்படி அறிவித்தார்கள். அதில் குனிவதும் இல்லை, நிமிர்வதும் இல்லை. நாலு தக்பீரில் முடிந்துவிடும். அல்லாஹு அக்பர், ஒன்று. நுஹா தொலைபேசியை எடுத்தாள். "எங்க பெரியவாப்பா?" "ஸ்டேடியத்த தாண்டிட்டேன் மகள், இப்ப ஓடுது, ஓடுது." இரண்டு. "வேகமா வரச் செல்லுங்கோ." மூன்று. நாலு.

பள்ளி வாசலிலிருந்து ஆட்கள் குபுகுபுவென்று வெளியே வந்தார்கள். நுஹா மதிலோடு ஒட்டிக்கொண்டாள். அத்தனை தலைகளுக்கு மேலாகச் சந்தூக்கு தோள் மாறி, தோள் மாறி மையவாடிப் பக்கமாகப் போனது. கடைசி வரிசையிலிருந்து வந்த தையல் கடை மாமா, சட்டைப் பையில் கையை வைத்தபடி, கூட்டத்தின் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். சந்தூக்கு நிற்கவில்லை. நஸீப்பின் தொலைபேசி அணைந்தேதான் இருந்தது. "யா அல்லாஹ், நில்லுங்களேன்," என்று அவள் வாய்விட்டே சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு நஸீப் வீட்டுக்கு வந்தான். கையெல்லாம் மண். தாஸிமைக் கைபிடித்துக் கூட்டிவந்து முன் மண்டபத்துக் கதிரையில் இருத்தினான். பிறகு நுஹாவிடம் வந்து, ஈரத்தில் ஊறிய தாளைக் காட்டினான்.

"தையல் கடை மாமா இப்பதான் தந்தார். கபுறு மூடினப் பொறகு." அவன் தன் தொலைபேசியை வெளியே எடுத்தான். "நீ ஃபோன் பண்ணல்லயே, அவர் தூரத்தில ஈக்காருண்டு நெனச்சேன். பொறகுதான் பாக்கேன், ஃபோன் செத்துப் போய்க் கெடக்கு. நான்தானே அணச்சீக்கேன் நுஹா."

"பெரியவாப்பா மொகம் பாத்தாரா?" என்று மட்டும் கேட்டாள் நுஹா.

"இல்ல. மூணு பிடி மண் போடத்தான் வந்து சேந்தார்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ரபீகாவின் குரல் கேட்டது. கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள் வெளியே வரக் கூடாது. "நுஹா, மச்சானுக்குத் தேத்தண்ணி குடு. சாப்பிட்டாரா கேளு."

தாஸிம் திரைச்சீலைப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு குனிந்துகொண்டார். சாரத்தின் கரையெல்லாம் சேறு. நுஹா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் அவளை முதல் தடவையாக ஏறிட்டுப் பார்த்தார். வாப்பாவின் அதே கண்கள். மென்பொருள் அதையாவது பிழையில்லாமல்தான் செய்திருக்கிறது என்று நினைத்தாள்.

"மகள், மொகம் எப்பிடி ஈந்திச்சி?" என்று கேட்டார் தாஸிம்.

நஸீப் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினொரு வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு இவர் சொன்ன பதிலை அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். தனக்கும் தெரியும் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத்தான் அவர் வந்திருந்தார்.

"நல்லா ஈந்திச்சி பெரியவாப்பா," என்றாள் நுஹா. "வாய் நேராகி ஈந்திச்சி."

"வாய் கோணிப் போச்சா அவனுக்கு?"

அது அவருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்தது தெரியாது, பேச்சுப் போனது தெரியாது. நுஹா கொப்பியை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. எழுத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிறகு அவள் தன் தொலைபேசியை எடுத்து, வாப்பா வேண்டாம் என்று சொன்ன அந்தப் படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

மழை பெய்தது. நரைத்த மனிதர் ஒருவர் நீலக் கதவைத் தட்டினார். கதவு மெல்லத் திறந்தது. உள்ளே முனாப் நின்றார், வாய் நேரான முனாப்.

"ரெண்டு பேரும் அவனாத்தான் ஈக்கான்," என்றார் தாஸிம். பெருவிரலை நீட்டி, உள்ளே நிற்கிறவரின் கன்னத்தைத் தொட்டார். தொட்டதும் படம் நின்றுவிட்டது.

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "கெடுத்துட்டேனா மகள்?"

"இல்ல. அப்பிடியே வச்சிட்டு ஈங்கோ."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. நுஹா எட்டி விரலால் ஒருமுறை தொட்டாள். மறுபடி வெளிச்சம் வந்தது. கதவு திறந்தபடியே இருந்தது.